பல்லை விட்டுவிட்டுப் போனவர்

சின்னவளுக்கு எதைக் கண்டும் குமட்டாது. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற கிளினிக்கில் அவளுக்கு உதவியாளர் வேலை. புழு வைத்த புண்ணைத் துடைப்பாள், சீழ் கட்டிய காதைச் சுத்தம் செய்வாள், கார் ஏறிய குட்டியின் வயிற்றை டாக்டரம்மா தைத்து முடிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது முடிந்ததும் டப்பாவைத் திறந்து மதியச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுவாள். "மூக்கை அழகுக்குத்தான் வச்சிருக்கியா?" என்று டாக்டரம்மா கேட்பார்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு மனிதனைப் பார்த்துக் குமட்டியது. அந்த நேரம் பார்த்து அவள் முழுகாமல் இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மசக்கை என்று சொல்லிவிட்டார்கள். மசக்கை லேசாக வந்து, போயும் ரொம்ப நாளாகிவிட்டது என்பது அவளைத் தவிர வேறு யாருக்கும் ஞாபகமில்லை.

வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றுதான் சொல்வார்கள். புருஷன் சின்னவன், பேக்கரி வேன் ஓட்டுகிறான். அவனுடைய அண்ணன் பெரியவன், கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அண்ணி பெரியவள். நாலு பேரும் பெரியவன் வீட்டில்தான் இருந்தார்கள். சின்னவனுக்கும் சின்னவளுக்கும் ஒதுக்கிய அறையில் அந்த வீட்டின் ஃப்ரிட்ஜும் இருந்தது. அதனால் யாருக்குத் தாகம் எடுத்தாலும், யாருக்குத் தயிர் வேண்டுமென்றாலும் அவர்களுடைய கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். குழந்தை உண்டானது தெரிந்தபோது பெரியவள் சந்தோஷப்பட்டுவிட்டு, மூச்சு விடாமல், "தொட்டில் கட்டினா ஃப்ரிட்ஜை எங்க வைக்கிறது?" என்று கேட்டாள். தனி வீடு பார்க்கிற பேச்சு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

வீட்டு புரோக்கரைக் கூட்டிவந்தது பெரியவன். தன் கடைக்கு அடுத்த கடைக்காரர், தங்கமான மனுஷன் என்றான். அந்த ஆள் வருவதற்கு முன்னாலேயே அவர் பூசியிருந்த சென்ட் வந்துவிட்டது. படியில் கால் வைக்கும்போதே கூடத்தில் மணத்தது. அன்றிலிருந்து சின்னவள் தன் மனதுக்குள் அவருக்கு வைத்த பெயர் சென்ட்டு.

"தங்கச்சிக்கு ஏத்த மாதிரி ஒரு வீடு வச்சிருக்கேன்" என்றார் சென்ட்டு. "காத்தும் வெளிச்சமும் அப்படி. ஓனரம்மா வெளிநாட்டுல மக வீட்டோட போயிட்டாங்க. நல்ல ஆளா பார்த்து வைப்பான்னு என்னை நம்பிச் சாவியைக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க."

மறுநாளே போய்ப் பார்த்தார்கள். மாடியில் வீடு. சென்ட்டு கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து அடைபட்ட காற்று முகத்தில் அடித்தது. ஆனால் சமையலறை ஜன்னலைத் தள்ளியபோது சின்னவளுக்கு ஒரு நிமிடம் எல்லாம் மறந்துபோனது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். வெயில் இலைகளுக்கு நடுவே புகுந்து சமையல் மேடை முழுக்கப் பரவிக் கிடந்தது. இங்கே நின்று பாலைக் காய்ச்சலாம், இங்கே குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அவள் மனசு அதற்குள் குடியேறிவிட்டது. சலவை மெஷின் எங்கே வைக்கலாம், தொட்டில் எங்கே கட்டலாம் என்று பார்த்துப் பார்த்து போனில் படம் எடுத்துக்கொண்டே போனாள்.

வீட்டில் சாமான்கள் அப்படியே இருந்தன. கட்டிலில் போர்வை பாதி விலகிக் கிடந்தது. நாற்காலியின் முதுகில் ஒரு துண்டு காய்ந்து விறைத்திருந்தது. "பழைய சாமானெல்லாம் நாளைக்கே ஆளை விட்டு எடுத்துடுவேன்" என்று சொல்லிக்கொண்டே சென்ட்டு கட்டிலில் உட்கார்ந்து, மெத்தை எப்படி இருக்கிறது என்று இரண்டு தரம் குதித்துப் பார்த்தார். பிறகு எழுந்து, சொந்த வீடு மாதிரி அலமாரியைத் திறந்து, ஒரு தகர டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கடித்தார். "எடுத்துக்கங்க தம்பி" என்று நீட்டினார். சின்னவன் மரியாதைக்கு ஒன்று எடுத்துத் தின்றான். "தங்கச்சி?" என்று டப்பாவை இவள் பக்கம் திருப்பினார். அவர் உதட்டோரம் துகள் ஒட்டியிருந்தது. சின்னவள் வேண்டாமென்று தலையாட்டிவிட்டுக் குளியலறைக்குப் போனாள்.

அங்கேதான் அதைப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை. சோப்பு, சவரக் கத்தி, பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர். டம்ளரில் இருந்த தண்ணீர் பாதிக்குமேல் வற்றிப்போய், விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு விட்டிருந்தது. உள்ளே ஒரு பல்செட். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும், யாரோ கழற்றி வைத்த பல்.

கையில் போன் இருந்தது. எடுத்த வரிசையில் அதையும் ஒரு படம் எடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அண்ணே, குளியலறையில பல்செட்டு இருக்கே, யாருது?"

சென்ட்டு மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். "அதுவா? ஓனரம்மாவோடதா இருக்கும்."

"வெளிநாடு போறவங்க பல்லை விட்டுட்டா போவாங்க?"

சின்னவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்ட்டும் பெரிதாகச் சிரித்தார். "தங்கச்சி ரொம்ப விவரம். புதுசு கட்டிட்டுப் போயிருப்பாங்கம்மா. அங்க போய் வெறும் வாயோடவா நிப்பாங்க?"

"சவரக் கத்தியும் இருக்குண்ணே."

"முன்னாடி குடியிருந்தவங்களோட சாமானும் கலந்து கிடக்கும்மா. எல்லாத்தையும் வாரி வெளிய போட்டுடுவேன், கவலைப்படாதீங்க."

"ஓனரம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா? வீட்டு வரி ரசீதோ, கரண்ட் பில்லோ, அவங்க பேர்ல இருக்கிறது எதாவது காட்டினீங்கன்னா நல்லாயிருக்கும்."

சென்ட்டின் சிரிப்பு வாயிலிருந்து போகவில்லை. கண்ணிலிருந்து போய்விட்டது. "உங்க அண்ணன் முகத்துக்காகத்தான் உங்களுக்கு முதல்ல காட்டுறேன் தம்பி. இதே வீட்டுக்கு இன்னொரு பார்ட்டி பணத்தை வச்சுக்கிட்டு நிக்கிறான்" என்று சின்னவனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, போனை எடுத்து எண்ணைப் போட்டு அவளிடம் நீட்டினார்.

"ஆமாம்மா, நான்தான் வீட்டுக்காரி" என்றது ஒரு பெண் குரல், தேன் ஒழுக. "புரோக்கர் தம்பி என்ன சொல்றாரோ அதுதான் நான் சொல்றதும். இங்க ஒரே பனிம்மா, கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. போனை வச்சுடவா?"

வைப்பதற்கு முன்னால், அந்தப் பனிக்கு நடுவிலிருந்து ஒரு சேவல் கூவியது சின்னவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த எண்ணை மனதில் வாங்கிக்கொண்டுதான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

இறங்கும்போது சென்ட்டு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு விஷயம் தம்பி. இங்க அக்கம்பக்கத்துல யார்கிட்டயும் பேச்சு வச்சுக்காதீங்க. ஓனரம்மாவுக்கும் அவங்களுக்கும் ஆகாது. நீங்க வர்றது தெரிஞ்சா எதையாவது சொல்லிக் கெடுத்து விடுவாங்க." அப்படியே சின்னவள் தலையில் கையை வைத்து, "நல்லபடியா பெத்துப் பிழைச்சு வாம்மா" என்றார். பிசுபிசுத்த உள்ளங்கை. சாலைக்கு வந்ததும் அவள் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

"பாவம், மசக்கை" என்றார் சென்ட்டு.

வீட்டுக்கு வந்த பிறகுதான், அவள் குளியலறையில் இருந்த நேரத்தில் சின்னவன் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டது தெரிந்தது. மீதியை மறுநாள் சாயங்காலம் தருவதாகப் பேச்சு.

"ரசீது?"

"அண்ணனுக்குத் தெரிஞ்சவரு. ரசீது கேட்டா தப்பா நினைக்கமாட்டாரா?"

"நாளைக்கு மொத்தத்தையும் கொடுத்துட்டு நடுரோட்டுல நின்னா, அப்ப அவரு நம்மளை நல்லவிதமா நினைப்பாரா?"

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த பெரியவன் திரும்பினான். "நான் கூட்டிட்டு வந்த ஆளைப் பத்தியா பேசுற? வீடு கிடைக்காம அவனவன் நாய் மாதிரி அலையுறான். காலடியில கொண்டாந்து வச்சா, ரசீது எங்க, பல்லு எங்கன்னு கேட்டுக்கிட்டு!"

"அந்த ஆளைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுது மாமா."

"குமட்டினா ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்து பாரு" என்றாள் பெரியவள், ஃப்ரிட்ஜைத் திறக்க அறைக்குள் போய்க்கொண்டே.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் தனியாக அந்தத் தெருவுக்குப் போனாள். கிளினிக் உடுப்பை மாற்றக்கூட நேரமில்லை. கீழ்வீட்டு வாசலில் ஒரு கிழட்டு நாய் தலையை ஒருக்களித்துக் காதைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த அம்மாள் அவள் உடுப்பில் போட்டிருந்த நாய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, "வந்துட்டியா? காலையிலேயே போன் பண்ணேன், இப்பத்தான் அனுப்பினாங்களா?" என்றாள்.

அவள் கூப்பிட்டது வேறு ஏதோ கிளினிக்கை. சின்னவள் அதைச் சொன்னாள். ஆனாலும் உட்கார்ந்து நாயின் காதைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கறுத்துப்போய், அழுகிய வாடை. அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். சின்னவள் வெந்நீரும் பஞ்சும் கேட்டு வாங்கி, பொறுமையாகத் துடைத்து, டாக்டரிடம் என்ன மருந்து கேட்க வேண்டும் என்றும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் மேலே கையைக் காட்டினாள்.

"மாடி வீட்டு ஓனரம்மாவை உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"ஓனரம்மாவா? அங்க ஏது அம்மா? ரயில்வேக்காரரு ஒண்டிக்கட்டையால்ல இருக்காரு. சம்சாரம் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாச்சு, பிள்ளை குட்டியும் கிடையாது."

"அவரு இப்ப எங்க?"

"ஆஸ்பத்திரியில. குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போச்சு. அன்னைக்கு அவரைத் தூக்கி வண்டியில ஏத்தினதே கடைத்தெரு புரோக்கருதான். சத்தம் கேட்டு ஓடியாந்து, 'நீங்க கூடப் போங்கம்மா, வீட்டை நான் பூட்டிக்கிறேன்'னு சொன்னாரு. அப்புறமும் அப்பப்ப போய்ப் பார்த்துட்டு வர்றாரு. இந்தக் காலத்துல யாரு செய்வா? எவ்வளவு நல்ல மனசு!"

சின்னவள் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். "சென்ட் பூசியிருப்பாரே, அவரா?"

"அவரேதான். ஏம்மா முகம் இப்படிப் போகுது?"

அவள் சொன்னாள். கீழ்வீட்டு அம்மாள் முதலில் நம்பவில்லை. பிறகு, முந்தின வாரம் ஒரு குடும்பம் மாடிக்கு ஏறி இறங்கியதும், கேட்டபோது ரயில்வேக்காரரின் சொந்தக்காரர்கள் என்று புரோக்கர் சொன்னதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மாவிடம் அரைநாள் விடுப்பு கேட்டுவிட்டு, சின்னவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். எலும்பு வார்டின் கடைசிக் கட்டிலில் ரயில்வேக்காரர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய், முகம் சுருக்குப்பை மாதிரி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நடுப்பகுதியைத் தேநீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தார். புது ஆளைக் கண்டதும் கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

"ஐயா, உங்க வீட்டை வாடகைக்கு விடுறீங்களா?"

"என் வீட்டையா? நான் எங்க போறது? ரெண்டு வாரத்துல நடந்துடலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு." பல்லில்லாத வாயில் வார்த்தைகள் வழுக்கி வழுக்கி வந்தன. "யாரும்மா நீ?"

சின்னவள் புரோக்கரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் என் பிள்ளை மாதிரி. அபாண்டமா பேசாத. அவன் இல்லேன்னா அன்னைக்கே நான் செத்திருப்பேன். என் பல்லை எடுத்துட்டு வரச் சொன்னேன். எத்தனை தடவை வீடு பூராத் தேடியிருக்கான் தெரியுமா? கிடைக்கல. எலி தூக்கிட்டுப் போயிருக்கும்னு அவனே வருத்தப்பட்டான். எனக்காக யாரு அப்படித் தேடுவா?"

 சின்னவள் போனை எடுத்து, படங்களைத் தள்ளித் தள்ளி, குளியலறைப் படத்தில் நிறுத்தி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார்.

"இது என் குளியலறை."

"ஆமாய்யா."

"கிளாஸு வச்ச இடத்துலயே இருக்கு."

"நேத்து நான் எடுத்த படம்யா. வீடு பார்க்க எங்களை அவருதான் கூட்டிட்டுப் போனாரு. கதவைத் திறந்தா எதிர்லயே தெரியுது. தேடணும்னே அவசியமில்ல."

அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. ஊறிய ரொட்டிக் கிண்ணத்தை மெல்ல எட்டத் தள்ளிவைத்தார். "இத்தனை நாளா இதைத்தான் தின்னுக்கிட்டிருக்கேன்" என்றார். பிறகு, "எடுத்துக் கொடுத்தா நான் தெம்பாயிடுவேன்னு நினைச்சானா? இல்ல, மேல ஏறிப்போகச் சோம்பேறித்தனமா?" என்று கேட்டார். எது உண்மையாக இருந்தால் தேவலை என்று அவர் யோசிப்பது போலிருந்தது.

சின்னவளின் அடிவயிற்றிலிருந்து குமட்டல் எழுந்து தொண்டையில் வந்து நின்றது. அவள் கையாளாத அசிங்கம் இல்லை. ஆனால் அதெல்லாம் நோய். நோய்க்கு மருந்து உண்டு. ஒரு கிழவர் கூழைக் குடித்துக்கொண்டு கிடக்க, அவருடைய கட்டிலில் குதித்துப் பார்த்து, அவருடைய பிஸ்கட்டையே தின்றுவிட்டு, அவரிடமே வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போவதை எந்தப் பஞ்சை வைத்துத் துடைப்பது?

வார்டு நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஆஸ்பத்திரிக் காவலுக்கு இருந்த போலீஸ்காரரை அவளே போய்க் கூட்டிவந்தாள். ரயில்வேக்காரர் துண்டால் வாயை மூடிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். சின்னவள் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"பணத்தைக் கொடுத்துட்டீங்களா?"

"இதோ பேக்கரி முதலாளிகிட்ட முன்பணம் வாங்கிட்டுக் கிளம்பிட்டேன்."

"அப்படியே வண்டியை நிறுத்துங்க. ஒரு பைசா கொடுக்காதீங்க." மீதியையும் சொன்னாள்.  எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானும் ஒரு பிஸ்கட்டு தின்னேன்" என்றான் சின்னவன்.

சாயங்காலம் போலீஸ்காரர்கள் தெருமுனையில் நிற்க, புருஷனும் பெண்டாட்டியும் மட்டும், வீட்டோடு சேர்ந்திருந்த சென்ட்டின் அலுவலகத்துக்குள் போனார்கள். சென்ட்டு வாயெல்லாம் சிரிப்பாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சின்னவன் உட்காரவில்லை. "ஓனரம்மாகிட்ட இன்னொரு தடவை பேசிட்டுக் கொடுத்துடுறேண்ணே" என்றான். சின்னவள் தன் போனில் அந்த எண்ணைப் போட்டாள். அலுவலகத்தின் பின்பக்கத் திரைக்கு அப்பால் மணி அடித்தது. "ஹலோ" என்ற தேன் குரல் போனிலும் கேட்டது, திரைக்குப் பின்னாலும் கேட்டது. கொல்லையில் சேவல் கூவியது.

சின்னவன் திரையை விலக்கினான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சென்ட்டின் மனைவி போனைக் காதில் வைத்தபடி விழித்தாள்.

"பனி நின்னுடுச்சாம்மா?" என்று கேட்டான் சின்னவன்.

சென்ட்டுக்கு ஓடத் தோன்றவில்லை. குனிந்து சின்னவளின் காலைத் தொடப் போனார். "தங்கச்சி, பிள்ளைத்தாச்சிப் பொண்ணு கோபப்படக்கூடாதும்மா. வயித்துல இருக்கிறதுக்கு ஆகாது. டோக்கனை இப்பவே தந்துடுறேன்." அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அதற்குள் போலீஸ்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் இன்னொரு தம்பதியும் வந்து சேர்ந்தார்கள். கீழ்வீட்டு அம்மாள் சொன்ன குடும்பம். முழுப் பணத்தையும் கொடுத்தவர்கள். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு, சாமானை ஒரு நண்பரின் கார் ஷெட்டில் போட்டுவிட்டு, நல்ல நாள் பார்த்துச் சாவி தருவார் என்று காத்திருந்தவர்கள். அந்தப் பெண் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். புருஷன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்: "ஆளு ரொம்ப மரியாதையா பேசினாரு சார்."

கொஞ்ச நேரத்தில் பெரியவன் வந்தான். தம்பிக்காக வருகிறான் என்றுதான் சின்னவள் நினைத்தாள். அவனோ நேராக இன்ஸ்பெக்டர் மேசைக்குப் போய், "பெரிசு பண்ணாதீங்க சார், பேசி முடிச்சுக்கலாம்" என்றான்.

அதைப் பார்த்ததும், அதுவரை அழுதுகொண்டிருந்த சென்ட்டு அழுகையை நிறுத்தினார். "என்னை மட்டும் ஏன் சார் உட்கார வச்சிருக்கீங்க? அக்ரிமெண்ட் அடிச்சுக் கொடுத்தது யாரு, ஆள் பிடிச்சுக் கொடுத்தது யாரு? எல்லாம் இவருதான். கூடப் பொறந்த தம்பியைக் கொண்டாந்து விட்டதுக்கும் கமிஷன் கறந்தாரு சார். வெட்கமில்லாம முன்கூட்டியே வாங்கினாரு."

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். பெரியவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். "தொழில்னா கமிஷன் இருக்கத்தான் சார் செய்யும்" என்றான்.

அவனையும் விசாரித்து, வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நாலு பேரும் ஒரே வீட்டுக்குத்தானே திரும்ப வேண்டும்? பெரியவள் ஒன்றும் நடக்காதது போலத் தட்டுகளைப் போட்டாள். பெரியவன் கைலி மாற்றிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான் சின்னவன். "அந்தப் பெரியவரு ஆஸ்பத்திரியில இருக்கிறது?"

"தெரியாம என்ன? அந்த வயசுல இடுப்பு உடைஞ்சவன் எங்கடா திரும்பி வரப்போறான்? வீடு சும்மாத்தான் கிடக்கு. நீ பாட்டுக்கு உள்ள போய் உட்கார்ந்திருந்தா வீடு உனக்குத்தான். உனக்கு நல்லது பண்ணத்தான் பார்த்தேன்."

"திரும்பி வந்திருந்தா?"

பதிலைச் சொன்னது பெரியவள். குழம்பை ஊற்றிக்கொண்டே, ஒரு நல்ல யோசனையைச் சொல்வது போல இயல்பாகச் சொன்னாள். "வந்தா என்ன பண்ணிடுவாரு? வயித்துப் பிள்ளையோட ஒருத்தி உள்ள இருந்தா எந்த போலீஸும் கை வைக்கமாட்டான். அதுக்காகத்தான் புரோக்கரே கேட்டாரு, பிள்ளைத்தாச்சி இருக்கிற குடும்பமா இருந்தா தேவலைன்னு. முதல்ல வந்ததுங்களை அதனாலதான் இழுத்தடிச்சாரு."

சின்னவள் தன் வயிற்றின்மேல் கையை வைத்தாள். உள்ளே குழந்தை புரண்டது. இந்தக் குழந்தையை, இன்னும் முகம் தெரியாத இதை, கதவுக்கு முட்டுக் கொடுக்கிற கல்லாக இவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதே கூடத்தில், டிவியை ஓடவிட்டுக்கொண்டு. அதற்குப் பிறகும் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாள் இந்தப் பொம்பளை.

குமட்டவில்லை அவளுக்கு. குமட்டலையும் தாண்டிய ஒன்று, உடம்பு முழுக்கச் சில்லென்று பரவியது. எழுந்து கொல்லைப்பக்கம் ஓடியது சின்னவன்தான். அவன் வாந்தி எடுக்கும் சத்தம் கூடம்வரை கேட்டது. பெரியவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உனக்கென்னடா, நீயும் முழுகாம இருக்கியா?" என்று கேட்டுத் தானே சிரித்தான்.

அன்றைக்கே கட்டிலைத் தவிர மற்றதையெல்லாம் பேக்கரி வேனில் ஏற்றினார்கள். டாக்டரம்மா கிளினிக்கின் மாடியில், மருந்துப் பெட்டிகள் அடுக்கிவைத்த அறையை ஒழித்துக் கொடுத்தார். கீழே நாய்கள் குரைக்கும், சின்னவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

வேறு வீடு கிடைத்தது. சின்னது, ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான். பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் சின்னவள் வீட்டுக்காரம்மாளின் அடையாள அட்டையைக் கேட்டாள், வரி ரசீதைக் கேட்டாள், இரண்டிலும் ஒரே பெயரா என்று பார்த்தாள், கீழ்வீட்டிலும் எதிர்வீட்டிலும் பேசினாள், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத்தான் பணத்தை வங்கி வழியாகவே அனுப்பினாள். "கொலைக் கேஸை விசாரிக்கிற மாதிரில்ல விசாரிக்கிற!" என்றாள் வீட்டுக்காரம்மாள். "கோவிச்சுக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, போன வருஷத்து ரசீதையும் கேட்டாள்.

ரயில்வேக்காரருக்குப் பல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தது கீழ்வீட்டு அம்மாள். அவர் வீடு திரும்பியதும் சின்னவள் ஒரு தடவை பார்க்கப் போனாள். கதவில் புதுப்பூட்டு, உள்ளே சங்கிலி. அவர் சங்கிலியை எடுக்காமல் இடைவெளி வழியாகவே பேசினார். "தப்பா நினைக்காதம்மா. இப்ப யாரையும் உள்ள விடுறதில்ல" என்றார். பல் வரிசையாகத் தெரிய, வார்த்தை சுத்தமாக வந்தது. அவள் தப்பாக நினைக்கவில்லை.

டோக்கன் பணம் வரவே இல்லை. சென்ட்டு கொஞ்சகாலம் உள்ளே இருந்தார்.

குழந்தை பிறந்த பிறகு ஒரு நாள் பெரியவன் வந்தான். சின்னவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். சின்னவன் அவனைப் படி ஏறவிடாமல் தெருவிலேயே நிறுத்திப் பேசினான். பெரியவன் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னான், தம்பியின் தோளைத் தட்டினான், மேலே பார்த்து இவளுக்கும் ஒரு சிரிப்பை அனுப்பினான். இவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. அவன் போய்விட்டான்.

சின்னவன் மேலே வந்தான்.

"என்ன, மன்னிப்பு கேட்டாரா?"

"மன்னிப்பா? அந்த ஆளு வெளிய வந்துட்டானாம். கைவசம் இன்னொரு வீடு இருக்காம், வெளிச்சமான வீடாம். கைக்குழந்தை இருக்கிறதால நமக்குன்னா குறைச்சு முடிச்சுத் தர்றானாம்."

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. சின்னவன் தூக்கப் போனான்.

"தொடாதீங்க" என்றாள் சின்னவள். "உங்க அண்ணன் தட்டின சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து தூக்குங்க."